கிட்னி டெஸ்டில் பாஸாகப் பார்த்தேன்

எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் உடல் பரிசோதனை நடக்கும். அதற்கு நான் பரீட்சைக்குத் தயாராவது போலத் தயாராவேன். தேதி தெரிந்த நாளிலிருந்து ஊறுகாய் கிடையாது, அப்பளம் கிடையாது, விடிந்ததும் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வேக நடை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒரு வாரம் மட்டும் பிரஷர் மாத்திரையை உண்மையாகவே விழுங்குவேன். பரிசோதனை முடிந்த அன்று மாலை ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக இரண்டு மெதுவடை சாப்பிடுவேன்.

மற்ற நாட்களில் அந்த மாத்திரை என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் காபிக்கு முன்னால் மனைவி அதை என் உள்ளங்கையில் வைப்பாள். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, அண்ணாந்து விழுங்குவது போலச் செய்வேன். மாத்திரை கன்னத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் கைக்குட்டைக்கு மாறும், பிறகு பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டிக்குப் போகும். இப்படி ஆறு வருடம் ஓட்டினேன். அவளுக்குத் தெரியாது.

காரணம் என் அண்ணன். கோவிலம்பாக்கத்தில் இருந்தார். அவருக்கும் முதலில் ஒரே ஒரு பிரஷர் மாத்திரைதான். அது இரண்டாகி, நான்காகி, கடைசியில் இரண்டு கிட்னியும் போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு மணி நேரம் சாய்ந்து கிடந்தார். விடுமுறை நாட்களில் நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஊசி குத்துவதற்காக அவர் கையில் ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடம் கயிறு போலப் புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே எதுவோ ஓடுவது விரலுக்குத் தெரியும். நான்கு வருடம் தாக்குப்பிடித்தார். காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அண்ணி சொன்னார்: "அந்த மாத்திரைங்கதான் தம்பி அவர் கிட்னியத் தின்னுடுச்சு." டிப்ளமோ படித்த நான், இருபத்தெட்டு வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் நான், அதை அப்படியே நம்பினேன். எனக்கு அந்த நாற்காலி வரக் கூடாது. அதற்காகத்தான் மாத்திரையைத் துப்பினேன்.

அந்த வருடம் கம்பெனி பரிசோதனையில் கிட்னிக்கான ரத்தப் பரிசோதனையைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதற்கு ஒரு வாரத்தில் தயாராக முடியாது என்பதைப் பிற்பாடு புரிந்துகொண்டேன். கம்பெனி டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு எண்ணைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார்.

"பிரஷர் நல்லாத்தான் இருக்கு சார். கிரியேட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது. கிட்னி ஸ்பெஷலிஸ்ட பாருங்க, தள்ளிப்போடாதீங்க."

கிரியேட்டினின் என்ற வார்த்தையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தசைகள் வேலை செய்வதால் ரத்தத்தில் சேரும் கழிவு. நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் அது ஏறினால் வடிகட்டி அடைக்கிறது என்று பொருள். அண்ணன் வீட்டில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று மெதுவடை சாப்பிடவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் நானும் மனைவியும் கிட்னி டாக்டரைப் பார்த்தோம். நாற்பது வயதிருக்கும், நிதானமாகப் பேசும் பெண்மணி. காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். பிறகு, "என்னென்ன மாத்திரை எடுக்கறீங்க சார்?" என்றார்.

என் மனைவி முந்திக்கொண்டாள். "பிரஷர் மாத்திரை மட்டும்தான் டாக்டர். ஆறு வருஷமா என் கையால தரேன். ஒரு நாள் விட்டதில்ல."

நான் சுவரில் இருந்த கிட்னி படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிரஷர் பார்த்தபோது ஓரளவு சரியாகவே இருந்தது. டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று அந்த வாரமும் விழுங்கியிருந்தேன்.

பரிசோதனைகள் அன்றே தொடங்கின. முதலில் ரத்தம், மறுபடியும். பிறகு சின்ன டப்பாவில் சிறுநீர். அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து வண்ணம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். மஞ்சளாக இருந்த கட்டம் பச்சையானது. "புரோட்டீன் லீக் ஆகுது. ஒண்ணுக்குப் போகும்போது நுரை வருதா சார்? தண்ணி ஊத்தினாலும் போகாம நிக்குமா?" என்று டாக்டர் கேட்டார். கவனித்ததில்லை என்றேன். அது மட்டும் உண்மை.

அடுத்தது ஸ்கேன். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டுவார்கள், வலியே கிடையாது. அதற்கு முன்னால் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும், அதுதான் வதை. எனக்கு முன்னால் பதினோரு பேர். எல்லாரும் காலை ஒட்டி வைத்துக்கொண்டு, யாரும் யாரையும் பார்க்காமல், டோக்கன் கூப்பிடும் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்கேன் எடுத்தவர் ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போனார், திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். இரண்டு கிட்னியும் இருக்க வேண்டிய அளவை விடக் கொஞ்சம் சுருங்கியிருப்பதாக ரிப்போர்ட்டில் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி அலமாரியிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை இறக்கினாள். அவள் வருடா வருடம் போடுவது. தெருவில் நாலு வீடு அதற்குக் காத்திருக்கும். மொத்தத்தையும் பின்பக்கக் குப்பையில் கொட்டினாள்.

"என் கைதாங்க உப்பு. கொஞ்சம் கூடத்தான் போடுவேன். நான்தான் பண்ணிட்டேன்."

அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அதெல்லாம் இல்ல, விடு" என்று மட்டும் சொன்னேன். அதுகூடத் தாராள மனதோடு மன்னிப்பவன் குரலில்.

அடுத்த வாரம் கேன் வந்தது. பாதிப்பு எவ்வளவு என்று தெரிய, ஒரு நாள் முழுக்க வெளியேறும் சிறுநீர் மொத்தத்தையும் பிடித்துக் கொடுக்க வேண்டுமாம். லேபில் இருந்த அம்மா ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் கேனை என் கையில் கொடுத்து, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரி பாடம் எடுத்தார்.

"நல்லா கேட்டுக்கோ சார். நாளிக்கி ஞாயித்துக்கெழம, வூட்லதான இருப்ப? காலிலே ஆறு மணிக்குப் போற மொத ஒண்ணுக்க டாய்லெட்லயே வுட்டுடு. டைம எழுதி வெச்சிக்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு வெளில போவக் கூடாது. மறுநாள் அதே ஆறு மணிக்குப் போறதையும் கேன்ல புடிச்சி மூடிடு. கேன் ஜில்லுனு இர்க்கணும். பாதிய எத்துனு வந்தா வேஸ்ட்டு, இப்பவே சொல்லிட்டேன்."

ஜில்லென்று இருக்க ஃபிரிட்ஜில் வைக்கலாம் என்றேன். இட்லி மாவும் சாமிக்கு வாங்கிய பூவும் இருக்கிற இடத்தில் அதுவா என்று மனைவி ஒரே பார்வையில் முடித்துவிட்டாள். காலையிலேயே மீன் கடைக்குப் போய் ஐஸ் வாங்கி வந்து, குளியலறை மூலையில் பக்கெட்டில் கொட்டி, நடுவில் கேனை வைத்தாள். ஐஸ் எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஜூஸ் போட என்று சொன்னாளாம். பல நாளைக்குப் பிறகு, அதைச் சொல்லும்போதுதான் சிரித்தாள்.

எட்டு மணிக்கு அளவு ஜாடியில் பிடித்தேன். நுரை. முதல் முறையாக நின்று கவனித்தேன். பொங்கிய நுரை அப்படியே நின்றது. ஜாடியை ஆட்டிப் பார்த்தேன், இன்னும் கூடியது. டாக்டர் கேட்டது இதைத்தான். இது கேனுக்குள் போனால் எண்ணாக மாறும், எண் ஏறினால் நாற்காலி.

அதைக் கழிப்பறையில் ஊற்றித் தண்ணீர் விட்டேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே சாம்பிள் எடுத்துச் சோதிப்பதுதான். ஒரு சப்ளையர் நல்ல பீஸாகப் பொறுக்கிப் பெட்டியின் மேலே அடுக்கி அனுப்பினார் என்பதற்காக மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பியவன் நான். அந்த ஆளை கேட் வரைக்கும் துரத்திப் போய்த் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அதே வேலையை என் குளியலறையில் செய்தேன். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். தெளிவாக வந்ததைக் கேனில் ஊற்றினேன், நுரைத்ததைக் கொட்டினேன்.

மனைவி கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக இருந்தாள். "எத்தனை மணிங்க?" என்பாள். நான் உள்ளேயிருந்து மணி சொல்வேன். கொட்டியவற்றுக்கும் சேர்த்தே சொன்னேன். மறுநாள் காலை கேனை மூடும்போது அவள் நோட்டில் ஒன்பது இருந்தது. கேனில் ஆறுதான்.

ரிப்போர்ட்டை டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். "போன தடவை டப்பால பார்த்ததை வெச்சு நான் நினைச்சதுல பாதி புரோட்டீன்தான் போயிருக்கு" என்றார். பாஸாகிவிட்டேன் என்று நெஞ்சு குளிர்ந்தது. அது நிலைக்கவில்லை. "ஆனா உங்க உடம்பு எடைக்கு ஒரு நாள் யூரின்ல இவ்வளவு கிரியேட்டினின் வெளில போயிருக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு சார். அதுவும் ரொம்பக் குறைச்சலா இருக்கு. முழுசாப் பிடிக்கலயோன்னு தோணுது."

மனைவி பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஒன்பது தடவை டாக்டர். டைமோட எழுதியிருக்கேன், பாருங்க."

டாக்டர் நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. "மத்தியானம் ஒரு தடவை மறந்திருப்பேன்" என்றேன்.

"எங்கிட்ட டைம் சொன்னீங்களே" என்றாள் மனைவி.

டாக்டர் இதைத் தோண்டவில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் பயாப்ஸிதான் வழி என்றார். முதுகு வழியாக ஊசி செலுத்தி கிட்னியிலிருந்து நூலளவு சதை எடுப்பார்கள். ஒரு நாள் மருத்துவமனையில் படுக்க வேண்டும். அடுத்த வாரம் திங்கட்கிழமை என்று முடிவானது. வியாழக்கிழமையிலிருந்து மாத்திரை விழுங்க ஆரம்பித்தால் போதும் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டேன். எண் எல்லாம் ஏறியிருக்கிற நேரத்தில் மாத்திரை உள்ளே போனால் மிச்ச கிட்னியும் போய்விடும் என்று பயம் வேறு.

செவ்வாய்க்கிழமை மதியம் மருத்துவமனையிலிருந்து போன். ஒரு படுக்கை காலியாகிறது, நாளைக் காலையே வந்துவிடுங்கள் என்றார்கள். மனைவி சரி என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை காலை, ஆஸ்பத்திரி அங்கியில், வெறும் வயிற்றோடு படுத்திருந்தேன். நர்ஸ் பிரஷர் பார்த்தார். நூற்றெண்பத்தாறு. கையை மாற்றிப் பார்த்தார். அரை மணி கழித்து மறுபடி. இறங்கவில்லை. டாக்டர் வந்தார்.

"இந்த பிரஷர்ல ஊசி போட்டா உள்ள ரத்தக்கசிவு நிக்காது. பண்ண முடியாது" என்றார். பிறகு என் மனைவியிடம் திரும்பினார். "ஆறு வருஷம் ஒழுங்கா மாத்திரை எடுத்தும் இப்படி ஏறுதுன்னா, கிட்னிக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்கலாம்மா. ரத்தத்துல டைன்னு ஒரு சாய மருந்த ஏத்தி ஒரு ஸ்கேன் எடுக்கணும். இருக்கற கிட்னிக்கு டையும் கொஞ்சம் சுமைதான். ஆனா வேற வழி தெரியல. மாத்திரையையும் மூணாக்கணும். ஒரு கையெழுத்து வேணும்."

"எங்க போடணும் டாக்டர்?" என்றாள். பேனாவை வாங்கினாள். கண்ணாடியைத் தேடினாள். இல்லாத அடைப்பைத் தேடி, கெட்டுப்போன கிட்னிக்குள் டை ஏற்ற, என்னை நம்பி அவள் கையெழுத்துப் போடப் போகிறாள்.

"போடாத" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"நான் மாத்திரை சாப்பிடறதில்ல. ஆறு வருஷமா. டெஸ்டு வர்ற வாரம் மட்டும்தான்."

டாக்டர், "அந்தக் கேன்?" என்றார்.

"அதுவும்தான். நுரை வந்ததையெல்லாம் கொட்டிட்டேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஃபைலைப் பிரித்து இரண்டு வரிகளை அடித்தார், எதையோ எழுதினார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன், மாத்திரைதான் தின்றது என்று அண்ணி சொன்னதையும் சொன்னேன். சிலருக்கு மாத்திரையை மாற்ற வேண்டி வரும், அதற்குத்தான் ரத்தம் பார்ப்பது என்றார். "ஆனா பிரஷர் மாத்திரை கிட்னியத் தின்னாது சார். பிரஷர்தான் தின்னும். உங்க அண்ணனுக்கு நாலு மாத்திரை ஆனது நோய் ஏறினதால. மாத்திரையால நோய் ஏறல. பத்து நாள் நிஜமா சாப்பிட்டுட்டு வாங்க, பார்ப்போம்."

ஆட்டோ வீட்டு வாசலில் நின்றதும் மனைவி எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் ஊறுகாயைக் கொட்டினப்பவும் சும்மாதான நின்னீங்க?"

மறுநாள் காலை மாத்திரை அட்டை டைனிங் டேபிளில் கிடந்தது. "இனிமே என் கையால தர மாட்டேன். நீங்களே எடுத்துக்கோங்க, எடுக்காமப் போங்க" என்றாள். பத்து நாளும் நானே பிய்த்து விழுங்கினேன். விழுங்கும்போது அவள் பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவள் முதுகுதான் தெரியும். கிட்னி போய்விடும் என்ற பயத்தை விட அந்த முதுகு என்னை அதிகம் வாட்டியது.

பயாப்ஸி நான் பயந்த அளவுக்கு இல்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, வயிற்றுக்கடியில் தலையணை வைத்தார்கள். முதுகில் மரத்துப்போகும் ஊசி, அது மட்டும் எறும்பு கடித்தது போலச் சுருக்கென்றது. ஸ்கேனில் பார்த்தபடியே டாக்டர், "மூச்சை இழுத்துப் பிடிங்க சார்" என்றார். ஸ்டேப்ளர் அடித்தது போல ஒரு சத்தம், உள்ளே ஒரு இடி. இரண்டு தடவை. அதன் பிறகுதான் கஷ்டம். அசையாமல் ஆறு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டும், ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் தடவை வெளிறிய சிவப்பாக இருந்தது. நர்ஸ் டாக்டருக்கு போன் செய்தார். காத்திருந்து பார்க்கச் சொன்னாராம். அடுத்தது தெளிகிற வரைக்கும் மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் பேசவில்லை, ஆனால் உட்காரவும் இல்லை.

முடிவு வர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. வேறு நோய் எதுவும் இல்லை, பிரஷர்தான் என்றார் டாக்டர். வடிகட்டிகளில் பாதிக்குக் கொஞ்சம் குறைய தழும்பாகிவிட்டன. அவை திரும்பாது. மிச்சம் நன்றாக இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பார்க்க வேண்டும்.

"டயாலிசிஸ் வருமா டாக்டர்?" மனைவிதான் கேட்டாள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது.

"இப்போ இல்லம்மா. பிரஷர் கட்டுப்பாட்டுல இருந்தா வராமலே போகலாம். இவர் மாத்திரை சாப்பிடறதைப் பொறுத்து."

மறுநாள் காலை நான் டேபிளில் அட்டையைத் தேடினேன். இல்லை. அடுப்படியிலிருந்து அவள் வந்தாள். உள்ளங்கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர். வாங்கி விழுங்கினேன். அவள் நகரவில்லை.

"வாயத் தொறங்க" என்றாள்.

திறந்தேன்.

"நாக்கத் தூக்குங்க."

தூக்கினேன். செல்போன் விளக்கைப் போட்டு ஒரு கன்னம், மறு கன்னம், நாக்குக்கு அடியில் என்று மெதுவாகப் பார்த்தாள். தொழிற்சாலையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்கும் ஆள், ஐம்பத்தாறு வயதில், ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகையை அடக்கவும் முடியவில்லை. அவள் அதைப் பார்க்காதவள் போல இன்னொரு முறை இரண்டு கன்னத்தையும் பார்த்தாள்.

"சரி, மூடுங்க" என்றாள். "நாளைக்கும் பார்ப்பேன்."